குளிர் இணைவும் நியூட்ரான் கணக்கும்

மும்பையின் செம்பூர், அணுசக்தி நகர் பக்கம் தமிழர்கள் கூடும் இடங்களில் குளிர் இணைவு, அதாவது அறை வெப்பத்திலேயே அணுக்கருக்களை இணைப்பது, பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் பகுதி இது. யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் 'தண்ணீர் ஜாடிக்குள் அணுசக்தி' என்று ஒரு வீடியோவை அனுப்பினால் போதும், மறுநாள் காலை நடைப்பயிற்சியில் இரண்டு கட்சி கிளம்பிவிடும். "கருவியில நியூட்ரான் காட்டிச்சு சார், அப்புறம் என்ன சந்தேகம்?" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் எண்பத்தொன்பதுலயே பொய்னு ஆயாச்சு மாமா, விடுங்கோ" என்பது மற்றது. 1989இல் அமெரிக்காவில் இரண்டு வேதியியலாளர்கள் இப்படி ஓர் இணைவு நடந்ததாக அறிவித்ததைத்தான் அவர்கள் சொல்கிறார்கள்.

நியூட்ரானை அளப்பது சுலபமான வேலை என்ற நினைப்பில்தான் இரண்டு கட்சியும் பேசுகின்றன. கருவியில் ஓர் எண் ஏறுவதற்கும் நியூட்ரான் வந்ததற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. நியூட்ரான் வந்ததற்கும் பயன்படும் அளவுக்கு ஆற்றல் கிடைத்ததற்கும் நடுவே அதைவிட நீண்ட தூரம். இந்த இரண்டு தூரங்களையும் நடந்து பார்க்கலாம். பத்தாம் வகுப்பு அறிவியல் நினைவிருந்தால் போதும்.

இணைவு நடந்தால் நியூட்ரான் ஏன் வர வேண்டும்?

சாதாரண ஹைட்ரஜன் அணுவின் கருவில் ஒரே ஒரு புரோட்டான் இருக்கும். அதனுடன் ஒரு நியூட்ரானும் சேர்ந்திருந்தால் அது டியூட்டீரியம். வேதியியலில் அதுவும் ஹைட்ரஜன்தான். எடைதான் இரு மடங்கு. டியூட்டீரியம் கொண்ட தண்ணீருக்குக் கனநீர் என்று பெயர். இரண்டு டியூட்டீரியக் கருக்கள் சேர்ந்து வேறு கருக்களாக மாறுவது அணுக்கரு இணைவு. இரண்டுமே நேர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை மீறுவதற்கு வழக்கமாகக் கோடிக்கணக்கான டிகிரி வெப்பம் வேண்டும். அறை வெப்பத்திலேயே, உலோகத்துக்குள் டியூட்டீரியத்தைத் திணித்து அதைச் செய்யலாம் என்ற கூற்றுக்குத்தான் குளிர் இணைவு என்று பெயர் வந்தது.

இரண்டு டியூட்டீரியக் கருக்கள் இணைந்தால் என்ன வெளிவரும் என்பது துகள் முடுக்கிகளில் பல்லாண்டுகளாக அளந்து பார்த்த விஷயம். ஏறத்தாழ பாதித் தடவை ஹீலியம்-3 கருவும் ஒரு நியூட்ரானும் கிடைக்கும். மீதிப் பாதியில் டிரிட்டியமும் ஒரு புரோட்டானும் கிடைக்கும். டிரிட்டியம் என்பது இரண்டு நியூட்ரான் கொண்ட, கதிரியக்கம் உள்ள ஹைட்ரஜன். மிக அரிதாக, கோடியில் ஒரு தடவை என்ற அளவில், ஹீலியம்-4 கருவும் கடுமையான ஒரு காமா கதிரும் வரும்.

நியூட்ரான் வரும் வழியில் அதன் ஆற்றல் 2.45 எம்.இ.வி. எம்.இ.வி. என்பது மெகா எலெக்ட்ரான் வோல்ட், அணுக்கரு அளவில் ஆற்றலுக்கான அலகு. ஒரு ஜூலில் இதுபோல ஆறு லட்சம் கோடிக்கு மேல் அடங்கும். அந்த ஆற்றலோடு புறப்படும் நியூட்ரானின் வேகம் நொடிக்கு 21,000 கிலோமீட்டருக்கு மேல்.

இனி வருவதுதான் இந்த விவகாரத்தின் மையக் கணக்கு. ஓர் இணைவுக்குச் சராசரியாகச் சுமார் 3.65 எம்.இ.வி. கிடைக்கிறது. ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல். வகுத்துப் பார்த்தால், ஒரு வாட் வெப்பத்துக்கு நொடிக்கு 1.7 லட்சம் கோடி இணைவுகள் வேண்டும். அதில் பாதி நியூட்ரான் தரும் என்றால் நொடிக்குச் சுமார் 85,000 கோடி நியூட்ரான்கள். டார்ச் விளக்குப் பல்புக்குப் போதும் போதாத ஒரு வாட்டுக்கே இவ்வளவு.

இத்தனை நியூட்ரான்கள் வெளிவரும் ஜாடிக்கு ஒரு மீட்டர் தள்ளி, எந்தத் தடுப்பும் இல்லாமல் நிற்பவருக்கு நொடிக்குச் சுமார் 3 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு ஏறும். சீவர்ட் என்பது உடலுக்கு ஏற்படும் கதிர்வீச்சுத் தீங்கின் அளவு. பொதுமக்களுக்கு ஆண்டு முழுவதற்கும் அனுமதிக்கப்பட்ட வரம்பு 1 மில்லிசீவர்ட். அந்த வரம்பு ஒரு நொடிக்குள் தாண்டிவிடும். அரை மணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்தான அளவு சேர்ந்துவிடும். 'வாட் கணக்கில் இணைவு நடந்தது என்றால் பக்கத்தில் நின்ற ஆராய்ச்சி மாணவர் எப்படி உயிரோடு இருக்கிறார்?' என்று இயற்பியலாளர்கள் 1989இல் கேட்டது வேடிக்கைக்கு மட்டுமல்ல. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்குதான்.

சுருக்கமாக: வழக்கமான இணைவு என்றால் நியூட்ரான் வந்தே தீரும். கையில் சூடு தெரியும் அளவுக்கு இணைவு நடந்தால், அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே வேண்டாம், ஒளிக்க முடியாது. 'நுண்ணிய கருவியில் கொஞ்சம் நியூட்ரான் தெரிந்தது' என்பதும் 'நிறைய வெப்பம் வந்தது' என்பதும் ஒரே வாக்கியத்தில் வந்தால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கேரம் காய்

கதிர்வீச்சு அளக்கும் கருவிகளில் பெரும்பாலானவை ஒரே அடிப்படையில் வேலை செய்கின்றன. மின்னூட்டம் உள்ள துகள் ஒன்று வாயுவுக்குள் பாய்ந்தால் வழியில் உள்ள அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்துக்கொண்டு போகும். இதற்கு அயனியாக்கம் என்று பெயர். பிய்ந்த எலெக்ட்ரான்களைத் திரட்டினால் ஒரு சிறு மின்துடிப்பு கிடைக்கும். நியூட்ரானுக்கோ மின்னூட்டமே இல்லை. எலெக்ட்ரான்களை அது கண்டுகொள்ளாது. கையளவு கெய்கர் கவுண்டரை நியூட்ரான் வெள்ளத்தின் நடுவே வைத்தாலும் அது நியூட்ரானுக்காகக் குரல் கொடுப்பது அரிது. கைபேசி கேமராவை மூடிவைத்து கதிர்வீச்சு அளக்கும் செயலிகள் இருக்கின்றனவே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வலுவான காமா கதிருக்கு அவை ஓரளவு பதில் சொல்லும். நியூட்ரானுக்கு உதவாது.

பிறகு எப்படிப் பிடிப்பது? கேரம் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு காய் மட்டும் கண்ணுக்குத் தெரியாதது என்று வைப்போம். அது பலகையில் ஓடும்போது நமக்கு ஒன்றும் தெரியாது. இன்னொரு காயை அது இடித்து, அந்தக் காய் நகர்ந்தால்தான் 'ஏதோ வந்தது' என்று தெரியும். நியூட்ரானைப் பார்த்தவர் யாரும் இல்லை. அது இடித்ததால் நகர்ந்த காயைத்தான் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். 1932இல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்ததும் இந்த வழியில்தான். பெரிலியத்திலிருந்து வந்த, எதற்கும் மசியாத ஒரு கதிரின் வழியில் பாரஃபின் மெழுகை வைத்தார். மெழுகிலிருந்து புரோட்டான்கள் தெறித்தன. தெறித்த வேகத்தைக் கணக்கிட்டு, இடித்தது புரோட்டானுக்குச் சமமான எடையுள்ள, மின்னூட்டமற்ற துகள் என்று முடிவுக்கு வந்தார்.

ஏன் மெழுகு? அதில் ஹைட்ரஜன் அதிகம். கேரம் ஆடுபவருக்கு இது தெரிந்த சங்கதி: ஒரு காய் இன்னொரு காயை நேராக இடித்தால், இடித்த காய் நின்றுவிடும், இடிபட்டது ஓடும். சம எடை என்பதால் வேகம் முழுவதும் கைமாறுகிறது. அதே காய் பலகையின் சட்டத்தில் மோதினால் கிட்டத்தட்ட அதே வேகத்தில் திரும்பி வரும். நியூட்ரானுக்கு ஹைட்ரஜன் காய், ஈயம் சட்டம். ஈயக் கருவில் மோதும் நியூட்ரான் ஒரு மோதலில் அதிகபட்சம் தன் ஆற்றலில் 2 சதவீதம்தான் இழக்கும். ஹைட்ரஜனில் சராசரியாகப் பாதியை இழந்துவிடும். அதனால்தான் எக்ஸ்ரே அறையில் ஈயம் போதும், நியூட்ரான் கூடத்தில் தண்ணீர், பாலிஎதிலீன், தடித்த கான்கிரீட் தேவைப்படுகிறது. 'ஈயக் கட்டி அடுக்கியிருந்தோம், அதனால் நியூட்ரான் ஆபத்து இல்லை' என்று எந்த வீடியோவிலாவது கேட்டால், பேசுபவரின் பாடம் பாதியில் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

மெதுவாக்கிப் பிடிக்கும் குழாய்

அதிகம் பயன்படும் நியூட்ரான் டிடெக்டர் பார்ப்பதற்கு ஓர் எவர்சில்வர் குழாய். உள்ளே ஹீலியம்-3 வாயு, நடுவே மெல்லிய கம்பி, கம்பிக்கு ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம். நியூட்ரானை ஹீலியம்-3 கரு விழுங்கியதும் அது புரோட்டானாகவும் டிரிட்டியமாகவும் உடைந்து சிதறும். இரண்டுக்கும் மின்னூட்டம் உண்டு, வாயுவை அயனியாக்கும், கம்பியில் ஒரு துடிப்பு வரும். அந்த உடைவில் வெளிவரும் ஆற்றல் எப்போதும் 0.764 எம்.இ.வி. இதே வேலையை போரான்-10 கொண்ட போரான் டிரைஃப்ளூரைடு வாயுவை வைத்தும் செய்யலாம்; 1989இல் பல ஆய்வகங்களில் இருந்தது அதுதான். ஹீலியம்-3 விலை உயர்ந்தது. டிரிட்டியம் சிதைந்துதான் அது பெரும்பாலும் கிடைக்கிறது. நினைத்தபோது வாங்கும் சரக்கு இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வேகமான நியூட்ரானை ஹீலியம்-3 விழுங்குவது அரிது. நொடிக்கு 2,200 மீட்டர் என்ற அளவுக்கு வேகம் குறைந்தால் வாய்ப்பு பல ஆயிரம் மடங்கு கூடும். எனவே குழாயைச் சுற்றிப் பாலிஎதிலீன் அல்லது மெழுகுப் பாளம் வைப்பார்கள். இதற்குத் தணிப்பான் என்று பெயர். உள்ளே நுழையும் நியூட்ரான் ஹைட்ரஜன் காய்களில் சுமார் இருபது தடவை இடித்து, களைத்து, குழாய்க்குள் வந்து விழுகிறது.

களைத்துப்போன நியூட்ரானுக்குத் தான் புறப்பட்ட வேகம் நினைவிருக்காது. 2.45 எம்.இ.வி.யோடு கிளம்பியதும், விண்வெளியின் காஸ்மிக் கதிரிலிருந்து வந்ததும், அலமாரியில் வைத்த ஒரு சோதனைக் கதிர் மூலத்திலிருந்து கசிந்ததும் இந்தக் குழாய்க்கு ஒன்றே. 'நியூட்ரான் வந்தது' என்று அது சொல்லலாம்; 'இணைவிலிருந்து வந்தது' என்று சொல்ல அதற்கு வழியே கிடையாது. அதைச் சொல்ல, வேகமான நியூட்ரான் இடித்துத் தெறிக்கும் புரோட்டானின் ஆற்றலை அளக்கும் வேறு கருவி வேண்டும். புரோட்டான் பட்டால் ஒளிரும் திரவம் அல்லது பிளாஸ்டிக் கொண்ட அந்தக் கருவிக்கு ஒளிர்வான் என்று பெயர். அது காமா கதிருக்கும் ஒளிரும். நல்ல ஒளிர்வானில் இரண்டு ஒளியும் மங்கும் விதம் வேறுபடுவதால், துடிப்பின் வடிவத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள்.

இதுவரை பார்த்தது: நியூட்ரான் நேரடியாகத் தெரியாது, அது நகர்த்திய அல்லது உடைத்த வேறொன்றுதான் தெரியும். எண்ணுவதற்குச் சிறந்த கருவிக்கு ஆற்றல் தெரியாது; ஆற்றல் தெரிந்த கருவிக்குக் காமாவோடு குழப்பம்.

நியூட்ரான் இல்லாமலே ஏறும் எண்

சர்ச்சைகளில் பாதிக்கு மேல் பிறந்த இடம் இதுதான்.

குழாயிலிருந்து வரும் துடிப்பு மிகச் சிறியது. அதைப் பல மடங்கு பெருக்கித்தான் எண்ணுகிறார்கள். பெருக்கியானது நியூட்ரான் துடிப்பை மட்டும் பெருக்கி மற்றதை விட்டுவிடாது. மேசை அதிர்ந்தாலும், பக்கத்தில் ரிலே சொடுக்கினாலும், கேபிள் இணைப்பில் அழுக்கு இருந்தாலும் துடிப்பு வரலாம். மும்பையில் ஜூன் பிறந்துவிட்டால் தீப்பெட்டியே நமுத்துப்போகிறது. ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏற்றிய இணைப்பில் ஈரம் படிந்தால் மேற்பரப்பில் மின்கசிவு ஏற்படும், ஒவ்வொரு கசிவும் ஒரு நியூட்ரானாக எண்ணப்படும். இணைப்புகளை உலர்வாக வைக்க சிலிக்கா ஜெல் பையைப் போட்டு மூடுவது இந்த வேலையில் பால பாடம்.

வெப்பமும் இதே வேலையைச் செய்யும். 1989 ஏப்ரலில் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் குளிர் இணைவில் நியூட்ரானைப் பார்த்ததாக அறிவித்தார்கள். சில நாட்களில் அதைத் தாங்களே திரும்பப் பெற்றார்கள். அவர்களுடைய போரான் டிரைஃப்ளூரைடு டிடெக்டர் வெப்பத்துக்கும் எண்ணைக் காட்டியிருந்தது. சூடாகும் சோதனைக்குப் பக்கத்தில், சூடு பட்டால் பொய் சொல்லும் கருவி. தவறைக் கண்டுபிடித்து உடனே சொன்னார்கள் என்பதால் எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான் கூடியது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று. 'சோதனையை ஓட்டினால் எண் ஏறுகிறது, நிறுத்தினால் இறங்குகிறது' என்பதை உறுதியான சான்றாக எல்லாரும் சொல்வார்கள். ஆனால் சோதனையை ஓட்டும்போதுதானே மின்வழங்கி இரைகிறது, பாத்திரம் சூடாகிறது, ஆவி கிளம்புகிறது? மின்பொறியை வைத்துச் செய்யும் சோதனைகளில் இது இன்னும் மோசம். ஒவ்வொரு பொறியும் பக்கத்துக் கேபிளில் ஒரு துடிப்பை எழுப்பும். பொய் எண்ணும் சோதனையோடு சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும்.

இதைப் பிரிக்க நல்ல ஆய்வகங்கள் செய்யும் தந்திரங்கள் எளிமையானவை, அழகானவை. தணிப்பானுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் காட்மியம் தகட்டைச் சுற்றிப் பார்ப்பது ஒன்று. மெதுவான நியூட்ரான்களைக் காட்மியம் அப்படியே விழுங்கிவிடும். வந்தது நியூட்ரான் என்றால் எண் சடாரென்று விழ வேண்டும். மின்சார இரைச்சல் என்றால் காட்மியம் அதை ஒன்றும் செய்யாது. இன்னொன்று, ஹீலியம்-3 குழாய்க்குப் பக்கத்திலேயே எல்லா வகையிலும் அதேபோன்ற, ஆனால் ஹீலியம்-4 அடைத்த குழாயை வைப்பது. ஹீலியம்-4 நியூட்ரானை விழுங்காது. இரண்டும் சேர்ந்து துடித்தால் பழி மின்சாரத்தின் மேல். மூன்றாவது, கனநீருக்குப் பதில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி அதே சோதனையை அதே நேரம் ஓட்டுவது. ஒரு செய்தியில் இந்த மூன்றில் ஒன்றுகூடப் பேசப்படவில்லை என்றால் நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

வானத்திலிருந்து வரும் நியூட்ரான்

கருவி ஒழுங்காக இருக்கிறது, இரைச்சல் இல்லை என்றே வைப்போம். அப்போதும் எண் சுழியாக இருக்காது. காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்கள், மேல் காற்றில் உள்ள அணுக்களை உடைத்து நியூட்ரான்களைப் பொழிந்துகொண்டே இருக்கின்றன. கடல்மட்டத்தில்கூட ஒரு சதுர மீட்டரில் நொடிக்குப் பல பத்து நியூட்ரான்கள் விழுகின்றன. இதுதான் பின்னணி அளவு. மலை ஏற ஏற இது கூடும்; கடலோர மும்பையைவிட 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் ஏறத்தாழ இரு மடங்கு.

காற்றழுத்தத்தோடும் இது மாறும். மேலே இருக்கும் காற்றுதான் கூரை. அழுத்தம் குறைந்தால் கூரை மெலிந்ததாகப் பொருள். அழுத்தத்தின் அலகான ஹெக்டோபாஸ்கலில் ஒன்று குறைந்தால் காஸ்மிக் நியூட்ரான் சுமார் 0.7 சதவீதம் கூடும். மும்பையில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் காற்றழுத்தம் பத்து ஹெக்டோபாஸ்கலை ஒட்டி வேறுபடுகிறது. ஜனவரியில் அளந்த பின்னணியை ஜூலைச் சோதனையிலிருந்து கழித்தால், ஒன்றுமே நடக்காமல் ஆறேழு சதவீதம் 'கூடுதல் நியூட்ரான்' கைக்குக் கிடைக்கும்.

இன்னும் விஷமத்தனமான ஒன்று உண்டு. பலமான காஸ்மிக் துகள் ஒன்று ஈயக் கட்டியைத் தாக்கினால் ஒரே நேரத்தில் பல நியூட்ரான்கள் தெறிக்கும். நாள் முழுக்க அமைதியாக இருந்த கருவி திடீரென்று கொத்தாக எண்ணும். குளிர் இணைவு அறிக்கைகளில் 'திடீர் வெடிப்பாக நியூட்ரான் வந்தது' என்ற வரி அடிக்கடி வரும். அந்த மேசையைச் சுற்றி எத்தனை ஈயம் அடுக்கியிருந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

பிறகு, எண்ணிக்கையின் இயல்பான தள்ளாட்டம். தற்செயலாக வரும் நிகழ்ச்சிகளை எண்ணினால், கிடைத்த எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு அது ஆடும். ஒரு மணி நேரத்துக்குச் சராசரி 100 என்றால் 90, 110 எல்லாம் சகஜம். கனநீரோடு 115, சாதாரணத் தண்ணீரோடு 100 வந்தால்? வித்தியாசம் 15, அந்த வித்தியாசத்தின் இயல்பான ஆட்டமே சுமார் 15. ஆக, ஒன்றும் தெரியவில்லை. சோதனையை நூறு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மூன்று மணிகளில் எண் தானாகவே 120ஐத் தாண்டும். அந்த இரண்டு மூன்றை மட்டும் எடுத்து வரைபடம் போட்டால் நோபல் பரிசுக்கே விண்ணப்பிக்கலாம்போல இருக்கும்.

இங்கே மறுபடி அந்த 85,000 கோடியை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னணியோடு மல்லுக்கட்டி மணிக்குப் பத்துப் பதினைந்து நியூட்ரானுக்காகப் புள்ளியியலில் வாதிடும் நிலை வந்துவிட்டது என்றாலே, பேச்சு ஆற்றலைவிட்டு எங்கோ போய்விட்டது.

யூட்டாவும் ட்ராம்பேயும்

1989 மார்ச் 23 அன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃப்ளெய்ஷ்மன், ஸ்டான்லி பான்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் பத்திரிகையாளர்களைக் கூட்டி, பல்லேடியம் உலோகத்தைக் கனநீரில் வைத்து மின்சாரம் பாய்ச்சியதில் இணைவு நடந்தது என்றார்கள். நியூட்ரான் சான்றாக அவர்கள் காட்டியவற்றில் ஒன்று காமா கதிர். நியூட்ரானைத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் விழுங்கும்போது 2.22 எம்.இ.வி. காமா வரும், அது தெரிந்தது என்றார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் காமாவின் வரைபடத்தை உற்றுப் பார்த்து இரண்டு ஓட்டைகளைச் சொன்னார்கள். அந்தக் கருவியால் தர முடியாத அளவுக்கு, காமாவைக் காட்டும் கோபுரம் ஒல்லியாக இருந்தது. அத்தகைய காமா வந்தால் இடப்பக்கம் கட்டாயம் தெரிய வேண்டிய ஒரு மேட்டின் விளிம்பு இல்லவே இல்லை. இது ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் சொன்ன நியூட்ரான் அளவே நொடிக்குச் சுமார் 40,000தான். அவர்கள் சொன்ன வெப்பத்துக்கு வேண்டியதில் அது கோடியில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த மார்ச் மாதம் உலகில் இதைச் சோதிக்க எல்லா வசதியும் கைவசம் இருந்த சில இடங்களில், பாபா அணு ஆராய்ச்சி மையம் (பி.ஏ.ஆர்.சி.) இருக்கும் ட்ராம்பே ஒன்று. 1956இல் அப்சரா உலை ஓடத் தொடங்கியதிலிருந்து அங்கே நியூட்ரானை எண்ணுவது அன்றாட வேலை, கனநீரும் இருந்தது. அப்போதைய இயக்குநர் பி.கே. ஐயங்கார் தாமே நியூட்ரான் சிதறல் துறையில் வளர்ந்தவர். பல குழுக்கள் தனித்தனியாக இறங்கின. அந்த ஆண்டே ஐயங்காரும் எம். சீனிவாசனும் தொகுத்த அறிக்கை பி.ஏ.ஆர்.சி-1500 என்ற எண்ணோடு வந்தது. நியூட்ரானும் டிரிட்டியமும் தெரிந்தன என்றது அறிக்கை. ஆனால் சமமாக வந்திருக்க வேண்டிய இரண்டில், டிரிட்டியத்தைவிட நியூட்ரான் லட்சக்கணக்கான மடங்கு குறைவு என்றும் அதுவே சொன்னது.

செம்பூர் நடைப்பயிற்சிக் கட்சிகள் இந்த இடத்தில்தான் அதிகம் மோதிக்கொள்ளும். 'நம்மவர்கள் நிரூபித்தார்கள், மேல்நாட்டான் அமுக்கிவிட்டான்' என்பதை நான் ஏற்கவில்லை. 'நம்மவர்களுக்கு நியூட்ரான் எண்ணத் தெரியவில்லை' என்பது அதைவிட அபத்தம். அறிக்கை சொன்ன விகிதமே பழைய இணைவுப் பாடத்தோடு பொருந்தவில்லை என்பதை அதை எழுதியவர்கள் மறைக்கவில்லை. அதற்குப் புதிய விளக்கம் வேண்டும், அல்லது அளவீட்டில் எங்கோ தவறு இருக்க வேண்டும். புதிய விளக்கத்துக்கு முதல் தேவை, யார் செய்தாலும் திரும்ப வருவது. அது நடக்கவில்லை. 2019இல் நேச்சர் இதழில் வந்த, கூகுள் பணம் கொடுத்து நடத்திய பல்லாய்வகச் சோதனையிலும் குளிர் இணைவுக்குச் சான்று கிடைக்கவில்லை.

மின்சாரம் தேவைப்படாத சாட்சிகள்

மின் இரைச்சல்தான் தொல்லை என்றால் மின்சாரமே இல்லாத டிடெக்டரை வைக்கலாமே? வைக்கலாம். மூக்குக் கண்ணாடி வில்லைக்குப் பயன்படும் சி.ஆர்.-39 என்ற பிளாஸ்டிக் அப்படி ஒன்று. நியூட்ரான் இடித்துத் தெறித்த துகள் அதில் கண்ணுக்குத் தெரியாத கீறலைப் போடும். பிறகு சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் கீறல் குழியாக விரியும், நுண்ணோக்கியில் எண்ணலாம். அமெரிக்கக் கடற்படையின் சான் டியாகோ ஆய்வகக் குழு ஒன்று 2009இல் இப்படிப்பட்ட மும்முனைக் குழிகளைக் காட்டி, வேகமான நியூட்ரான் கார்பன் கருவை மூன்றாக உடைத்ததன் தடம் என்றது. இந்த பிளாஸ்டிக்கின் குறை, அது எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும். வாங்கிய நாளிலிருந்து காற்றிலுள்ள, கதிரியக்கம் கொண்ட ரேடான் வாயு போட்ட கீறல்களும் அதில் இருக்கும். எப்போது விழுந்தது என்ற நேரமும் தெரியாது. வேதிக் கரைசலில் நேரடியாக அமிழ்த்தினால் அரிப்பும் குழிபோலவே தெரியலாம்.

குமிழி டிடெக்டர் இன்னொன்று. கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் நுண்துளிகளைக் கூழில் மிதக்கவிட்ட சிறு குழாய் அது. நியூட்ரான் இடித்த துளி பொக்கென்று குமிழியாகும், வெறுங்கண்ணால் எண்ணலாம், காமாவுக்கு அசையாது. ஆனால் சூடானால் அதன் உணர்திறன் மாறும், ஆகவே கொதிக்கும் ஜாடிக்குப் பக்கத்தில் ஜாக்கிரதை.

எனக்கு மிகவும் பிடித்தது உலோகத் தகடு. வெள்ளியோ இண்டியமோ நியூட்ரானை விழுங்கினால் கதிரியக்கம் பெறும். தகட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய், சோதனையின் சத்தம் எதுவும் எட்டாத இடத்தில் அளக்கலாம். இண்டியத்தின் கதிரியக்கம் 54 நிமிடத்துக்கு ஒரு தடவை பாதியாகும். வெள்ளியின் ஒரு பகுதி 25 நொடியிலேயே பாதியாகும். எந்த மின் இரைச்சலும் இத்தனை கச்சிதமாக 54 நிமிடத்தில் பாதியாகாது. இதற்கு நியூட்ரான் நிறைய வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. வாட் கணக்கில் இணைவு என்று சொல்பவருக்கு அது ஒரு நிபந்தனையே அல்ல.

உண்மையாகவே நியூட்ரான் தந்த மேசைகள்

மேசை மேல் இணைவு என்றாலே மோசடி என்று நினைத்துவிட வேண்டாம். 2005இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், லித்தியம் டான்டலேட் என்ற படிகத்தைச் சூடாக்கியே பெரும் மின்புலத்தை உண்டாக்கி, டியூட்டீரியத்தை முடுக்கி இணைத்துக் காட்டினார்கள். நியூட்ரான் பின்னணியைவிட 400 மடங்குக்கு மேல் எழுந்தது. ஆற்றலும் 2.45 எம்.இ.வி.யோடு பொருந்தியது. யாரும் மறுக்கவில்லை. கண்ணாடிக் கூண்டில் ஊதா ஒளி விடும் ஃபியூசர் என்ற கருவியை ஆர்வலர்கள் வீட்டிலேயே கட்டி நியூட்ரான் எடுத்திருக்கிறார்கள். இங்கே இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் அதில் கைவைக்க வேண்டாம்.

இவை எல்லாவற்றிலும் நியூட்ரான் உண்மை, இணைவு உண்மை. ஆற்றல் லாபம்? இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் படிகம் தந்தது நொடிக்கு ஆயிரத்தை ஒட்டிய நியூட்ரான்கள்; ஒரு வாட்டுக்கு வேண்டிய 85,000 கோடியோடு ஒப்பிட்டால் என்ன மிஞ்சும் என்பதை நீங்களே வகுத்துக்கொள்ளலாம். அதைச் செய்தவர்களும் மின்சாரம் தருவோம் என்று சொல்லவில்லை. சிறிய நியூட்ரான் மூலமாகப் பயன்படும் என்றார்கள்.

"அப்போ, நியூட்ரானே வராத புது வகை இணைவுன்னு சொல்றாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். இப்போது பல குழுக்கள் சொல்வது அதைத்தான். அவர்கள் பெயரையும் தாழ் ஆற்றல் அணுக்கரு வினைகள் என்று மாற்றிக்கொண்டார்கள். வெப்பத்தோடு ஹீலியம்-4 மட்டும் வருகிறது என்கிறார்கள். அப்படியானால் நியூட்ரான் டிடெக்டருக்கு அங்கே வேலை இல்லை, அது எதையும் நிரூபிக்கவும் உடைக்கவும் முடியாது. அந்த வழியில் வழக்கமாக வரும் 23.8 எம்.இ.வி. காமா எங்கே போயிற்று என்று அவர்கள் விளக்க வேண்டும். ஹீலியத்தையும் அளந்து காட்ட வேண்டும். நாம் மூச்சுவிடும் காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு ஹீலியம் இருக்கிறது. கண்ணாடி வழியாகக்கூட மெல்லக் கசிந்து உள்ளே வரும். ஆகவே அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பாத்திரம் எதனால் செய்தது, எத்தனை நாள் மூடியிருந்தது, சாதாரணத் தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தில் அதே நாட்களில் எவ்வளவு ஹீலியம் சேர்ந்தது என்பதுதான்.